ஆறு மீனுக்கான தண்ணீர்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் வந்த பதினெட்டுக் குடிநீர் மாதிரிகளும் சரியாக இருந்தன. இரண்டாவது மேல்நிலைத் தொட்டியில் மட்டும் குளோரின் கொஞ்சம் தூக்கல். குறைக்கச் சொல்லி எழுதி அனுப்பினேன்.

பதினொன்று பத்துக்கு டீ. புகார்ப் பிரிவு மேடம் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "சார், எனக்கு மாற்றல் வந்துடுச்சு. மார்ச் இருபது வரைக்கும்தான் இங்க" என்றார். மகள் இருக்கும் ஊருக்கு அவரே கேட்டு வாங்கிய மாற்றல். மகளுக்கு ஏப்ரலில் பிரசவம்.

"அப்படியா, நல்லது" என்றேன்.

நல்லதாம்! ஒன்பது வருடம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தவனுக்கு வாயில் வந்த வார்த்தை.

அப்புறம் அவர், "வீட்ல இருக்கற ஏஞ்சல் மீன் ஆறையும் யார்கிட்டயாவது..." என்று ஆரம்பித்தார். "நான் வெச்சுக்கறேன்" என்றேன். அவர் வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை.

"மீன் வளர்க்கத் தெரியுமா சார்?"

"தண்ணி தெரியும்."

சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எழுந்து போய்விட்டார். எனக்கு ஐம்பத்தொரு வயது. ஒரு தொட்டிச் செடிகூட வளர்த்ததில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். ஏஞ்சல் மீன் உடம்பைவிடத் துடுப்பால் உயர்ந்த மீன், குட்டைத் தொட்டியில் துடுப்பு வளைந்துபோகும் என்று மீன்கடைக்காரர் சொன்னார். தண்ணீர் மட்டுமே முந்நூறு கிலோவுக்கு மேல் வரும். நல்லவேளை, நான் இருப்பது கீழ்த்தளம். அடியில் தெர்மாகோல் விரித்து, மட்டம் பார்த்து, நான்கு பேர் சேர்ந்து வைத்தோம்.

மாடியில் இருக்கும் அக்கா இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "நீச்சல் குளமாடா கட்டற?"

"மீன் தொட்டி."

"உனக்கெதுக்கு திடீர்னு மீன்?"

ஆபீஸில் ஒருவர் கொடுக்கிறார் என்றேன். எந்த ஒருவர் என்று கேட்டாள். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

தண்ணீர் நிரப்பினேன். குளோரினை முறிக்கச் சொட்டு மருந்து விட வேண்டும். காலையில் நான் போடச் சொன்னதை மாலையில் நானே எடுக்கிறேன். என் உத்தியோகத்தை நானே அவமானப்படுத்துகிற மாதிரி இருந்தது.

மீன்கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உடனே மீனை விட்டீங்கன்னா அதோட கழிவே அதைக் கொன்னுடும். அந்தக் கழிவைத் தின்னு முடிக்கற நல்ல கிருமி ஃபில்டர்ல வளரணும். ஒரு மாசத்துக்குக் குறையாம ஆகும். அதுவரைக்கும் வெறும் தொட்டி ஓடட்டும்."

கிருமியை வளர்க்க வேண்டுமாம். இருபத்தாறு வருடமாக இந்த ஊர்த் தண்ணீரில் ஒரு கிருமி உயிரோடு இருந்துவிடக் கூடாது என்று சம்பளம் வாங்குகிறவனிடம் சொல்கிறார்.

பிப்ரவரி 13, வியாழன்

கிருமிக்குத் தீனி வேண்டும் என்பதற்காகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுகிறேன். அது அழுகி அம்மோனியா வர வேண்டும். இன்று அக்கா பார்த்துவிட்டாள்.

"யாருக்குடா போடற? உள்ள ஒண்ணுமே இல்லையே!"

விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "வராத ஆளுக்குச் சோறு போட்டு வெக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அவள் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்னும் சரியாக ஒரு மாதம். இன்று சொல்லிவிடுவது என்று குளிக்கும்போதே முடிவு செய்திருந்தேன். வாக்கியம்கூடத் தயார்: நீங்க போனா எனக்குக் கஷ்டமா இருக்கும். ஐந்தே சொல்.

பதினொன்று பத்து. மேடம் எதிரே உட்கார்ந்தார். ஒரு புகார்ச் சீட்டை என் பக்கம் தள்ளினார். தண்ணீரில் மருந்து வாசனை, பிள்ளைகள் குடிக்க மாட்டேன் என்கிறார்கள். "உங்க கைவண்ணம்தான் சார்" என்றார். நான் வாயைத் திறந்தேன். "அம்மோனியா ரெண்டு காட்டுது" என்றேன்.

"நல்லாதானே வருது. அப்படியே விடுங்க."

கல்யாணப் பேச்சு வந்த வயதிலும் இப்படித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சே நின்றுபோனது.

மார்ச் 2, ஞாயிறு

அம்மோனியா இறங்குகிறது. நைட்ரைட் ஏறுகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் முதல் வகைக் கிருமி வந்துவிட்டது, நைட்ரைட்டைத் தின்னும் இரண்டாவது வகைக்குக் காத்திருக்க வேண்டும். சோதனைக்குழாயில் நிறம் மாறும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் தயாராகிறதோ அவ்வளவு சீக்கிரம் அவர் போவார் என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் போடுகிறது. தண்ணீர் தயாராகாவிட்டாலும் போவார். இதென்ன கணக்கு!

மார்ச் 8, சனி

மீன்களைப் பார்க்க மேடத்தின் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

சின்ன ஹால். பாதி சாமான் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது. சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெளிர்ச் சதுரங்கள். தொட்டி மட்டும் அப்படியே இருந்தது. வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டையோடு ஆறும் ஒரே திசையில் நின்று என்னைப் பார்த்தன. இவன் யாரடா என்பது மாதிரி.

"எது ஆண், எது பெண்?"

"பார்த்தா தெரியாது சார். குட்டியில ஆறா வாங்கி விட்டுடணும். அதுங்களே பார்த்து ஜோடி சேர்ந்தாதான் உண்டு. நாமளா ரெண்டைப் பிடிச்சுப் போட்டா ஒண்ணை ஒண்ணு கொத்திக் கிழிச்சுடும்." மூலையில் சேர்ந்தே நீந்திய இரண்டைக் காட்டினார். "இதுங்க இப்பதான் ஒரு மாசமா. எத்தனை வருஷம் பக்கத்துல பக்கத்துலயே இருந்துச்சுங்க தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று தலையாட்டினேன்.

கணவர் இறந்து பதினான்கு வருடம், மகளை வளர்த்ததில் காலம் ஓடிவிட்டது என்றெல்லாம் அவராகவே பேசினார். டீயில் எனக்குச் சர்க்கரை கம்மி என்பதை நினைவு வைத்திருந்தார். வெளியே வந்து தெருமுனை வரை நடந்த பிறகுதான் குடையை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை? போயிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பயம்தான்.

மார்ச் 14, வெள்ளி

அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். தொட்டி தயார்.

மேடத்திடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை கொண்டாந்துடறேன் சார்" என்றார். முகத்தில் சந்தோஷம் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நிறம் பார்ப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நிற அட்டை கிடையாது.

மார்ச் 15, சனி

நாளைக்கு அவர் முதல் தடவையாக என் வீட்டுக்கு வருகிறார். காலை ஐந்தரைக்கே எழுந்து பெருக்கித் துடைத்தேன். திரை மாற்றினேன். தொட்டிக் கண்ணாடியை வெளியே துடைத்தேன், உள்ளே துடைத்தேன். ஃபில்டரைத் திறந்தால் பஞ்சு பழுப்பேறி வழவழவென்று இருந்தது. சீ! இதையா அவர் பார்ப்பது? குழாயைத் திறந்துவிட்டு அழுத்திப் பிழிந்து, நிறம் வெள்ளையாகும் வரை ஏழெட்டுத் தடவை அலசினேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது.

சாயங்காலம் கடைசியாக ஒரு சோதனைக்குக் கொஞ்சம் அம்மோனியா கரைசல் விட்டு வைத்திருக்கிறேன். காலையில் பூஜ்யம் காட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

காட்டவில்லை. விட்ட அளவு அப்படியே நிற்கிறது. சோதனைக்குழாயில் அம்மோனியாவின் பச்சை.

ஐந்து நிமிடம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். கொன்னுட்டேன். அத்தனையையும் கொன்னுட்டேன். ஒரு மாசமா சோறு போட்டு வளர்த்ததை எல்லாம் என் கையாலயே, நானே குளோரின் போட்ட தண்ணியில கழுவிக் கொன்னுட்டேன். வேற எவனாவது பண்ணுவானா இதை? தெரியாதவன் பண்ணா சரி. இதுதானேடா உன் வேலை!

போனில் சொன்னேன். மீனைக் கொண்டு வர வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பதினொரு மணிக்கு வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே அவர் தொட்டித் தண்ணீரில், அவருடைய ஃபில்டர் பஞ்சை நேர்பாதியாக வெட்டியது. கரிய பழுப்பு. சேற்று நாற்றம்.

"பாதி எனக்குப் போதும், பாதி உங்களுக்கு. இதுல இருக்கறது உங்க பஞ்சுக்கும் பரவிடும். ஒரு பத்துப் பன்னெண்டு நாள்ல சரியாகிடும் சார். புண்ணியமாப் போகும், இதைக் கழுவிடாதீங்க."

அவரே முழங்கை வரை நனைத்து அதை ஃபில்டருக்குள் வைத்தார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா மாடிப்படியில் பாதியில் நின்று எட்டிப் பார்த்தாள். பெருக்கித் துடைத்த வீட்டைப் பற்றி மேடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தக அலமாரியை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

பன்னிரண்டு நாள். ஆனால் அவருக்கு நான்கு நாள்தான் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

மேடம் டீயோடு சொன்னார்: "ரெண்டு வாரம் தள்ளிப் போயிடுச்சு சார். என் இடத்துக்கு ஆள் கிடைக்கலையாம். ஏப்ரல் மூணு வரைக்கும் இருக்கச் சொல்லிட்டாங்க."

எந்தப் புண்ணியவானோ வராமல் போனவன், நன்றாக இருக்கட்டும்.

"சாயங்காலம் வந்து தண்ணியைப் பார்க்கறேன். உங்களை நம்ப முடியாது" என்றார். வந்தார்.

மார்ச் 19, புதன்

வந்தார். அம்மோனியா பாதியாகக் குறைந்திருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும் வந்தார். ஆறாவது சாயங்காலம். ஆறு மணிக்கு வருகிறார், ஏழரைக்குப் போகிறார். நான் குழாயில் சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் நிறம் பார்க்கிறேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெறும் தொட்டியைப் பார்க்கிறார். இன்று அக்கா பிஸ்கட்டோடு இறங்கி வந்து அரைமணி நேரம் அவரோடு பேசிவிட்டுப் போனாள். போகும்போது என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். முறைப்புக்கு அர்த்தம் தெரியும்.

என்ன செய்யச் சொல்கிறாய் அக்கா? அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஐந்து சொட்டுக்கு ஆறு விழுகிறது.

மார்ச் 30, ஞாயிறு

மீன்கள் வந்துவிட்டன. பைகளை வாய் கட்டியபடியே தொட்டியில் மிதக்கவிட்டு இருபது நிமிடம் வைத்தோம், இரண்டு தண்ணீரும் ஒரே சூடாக. அப்புறம் கரண்டி கரண்டியாக நம் தண்ணீரை உள்ளே விட்டுப் பழக்கினோம். ஒவ்வொன்றாக விட்டார். ஐந்து மீன் நேராகச் செடிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. ஆறாவது மட்டும் நடுவில் நின்று அவரையே பார்த்தது.

"நல்லா இருங்கடா" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்தத் தொட்டியையே வாங்கினேன். "தண்ணி இருபத்தேழு டிகிரி இருக்கு" என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ரயிலடிக்குப் போனேன். பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். கையசைத்தேன். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

புகார்ப் பிரிவில் புது ஆள். நல்ல மனுஷர், சளசளவென்று பேசுகிறார். பதினொன்று பத்துக்கு எனக்கு எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்மேல் என்ன தப்பு? டீயை அப்படியே வைத்துவிட்டு லேபுக்கு வந்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, சூடு 27. ஆறும் நலம்.

பதில்: சரி சார்.

ஏப்ரல் 12, சனி

தினமும் அதே செய்தி. அதே பதில்.

ஏப்ரல் 19, சனி

ஜோடி முட்டை இட்டுவிட்டது! ஃபில்டர் குழாயில் வரிசை வரிசையாக, குண்டூசித் தலை அளவில். இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறுகின்றன. மற்ற நான்கையும் ஒரு மூலைக்கு விரட்டி நிறுத்திவிட்டன. உடனே போன் செய்தேன். "அய்யோ, நான் பார்க்கலையே, நான் பார்க்கலையே" என்று குழந்தை மாதிரிச் சொன்னார். கால் மணி நேரம் பேசினோம். எல்லாம் முட்டையைப் பற்றித்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

குழாய் சுத்தமாக இருக்கிறது. தின்றுவிட்டன. முதல் தடவை அப்படித்தான் என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். இருந்தாலும் அவருக்குச் செய்தி அனுப்ப மனசு வரவில்லை. அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்று மட்டும் அனுப்பினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மகளுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். ஒரு சிவந்த முஷ்டியின் படம் அனுப்பியிருந்தார். முஷ்டி ஒரு விரலைப் பிடித்திருந்தது. அந்த விரலை எனக்குத் தெரியும். புகார்ச் சீட்டு மை பட்ட விரல்.

அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 26, சனி

மீன் உணவு வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பேச்சோடு பேச்சாக, "மேடத்தோட மீன் எப்படி இருக்கு? நீங்க ஃபில்டரைக் கழுவிட்டீங்கன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அந்தப் பத்து நாளும் மீனை நான் கடையில வெச்சுப் பார்த்துக்கறேன், நீங்க பாட்டுக்கு ஊருக்குக் கிளம்புங்கன்னு சொன்னேன். வேணாம்னுட்டாங்க" என்றார்.

எப்போது சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே என்றார். என் வீட்டிலிருந்து நேராக அங்கேதான் போயிருக்கிறார்.

மீனுக்கு இடம் இருந்திருக்கிறது. அப்படியானால் வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். கடைத் தொட்டியில் நோய் வரும் என்று பயந்திருக்கலாம். இருக்கலாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று டீக்குப் போனேன். புது ஆள் எதிரே உட்கார்ந்து தன் கஷ்டங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். "நான் மார்ச் இருபதே ஜாயின் பண்ணப் பெட்டி படுக்கையோட வந்துட்டேன் சார். ரெண்டு வாரம் கழிச்சு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த மேடம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு லெட்டர் குடுத்துட்டாங்களாம். சொந்த வேலைன்னு எழுதியிருந்தாங்களாம். என்ன அப்படித் தலைபோற வேலையோ!"

எழுந்து வந்துவிட்டேன். லேபில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆள் கிடைக்காமல் இல்லை. ஆள் வாசலில் வந்து நின்றிருக்கிறான். அவரே கேட்டிருக்கிறார். எதுக்கு? என் வீட்டு நாற்காலியில உட்கார்ந்து வெறும் தண்ணியைப் பார்க்கறதுக்கா? ஒருத்தி இதுக்கு மேல எப்படிடா சொல்லுவா? முட்டாள். முழு முட்டாள்.

இன்று தண்ணீர் பார்க்கவில்லை. செய்தியும் அனுப்பவில்லை.

ஏப்ரல் 30, புதன்

சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே போன் செய்தார். "நேத்து ரிப்போர்ட் வரலையே சார்? மீனுக்கு ஏதாவது..."

"மீன் நல்லா இருக்கு. அந்த ரெண்டு வாரம் நீங்களே கேட்டு வாங்கினதா?"

அந்தப் பக்கம் எங்கோ பாத்திரம் விழுந்தது. அப்புறம் மெதுவாக, "பதிமூணு சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்தேன். பதிமூணு நாளும் நீங்க அந்தக் குழாயையே பார்த்துட்டு இருந்தீங்க" என்றார்.

"உங்களைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது. அதனால அதைப் பார்த்தேன்."

"இப்ப மட்டும் வருது?"

"இப்பதான் உங்களைப் பார்க்க முடியலையே."

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அதற்குமேல் யோசித்தால் மறுபடியும் மென்று விழுங்கிவிடுவேன். சொல்லிவிட்டேன். தயார் செய்து வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"எனக்கு உங்களை ரொம்பத் தேடுது. தினமும் தேடுது. பதினொண்ணு பத்தானா ரொம்ப."

"இங்க ஆபீஸ்ல டீ வேளை பதினொண்ணரைக்கு" என்றார். "நானும் பதினொண்ணு பத்துக்கே எந்திரிச்சுடறேன். எல்லாரும் ஒரு மாதிரிப் பார்க்கறாங்க."

குழந்தை வீறிட்டது. வைக்க வேண்டும் என்றார். வைக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. நான் அப்படியே காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மே 1, வியாழன்

ஆறு மணி. பேசினோம்.

மே 4, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். "எனக்கு மார்ச்லயே தெரியும். உனக்கு எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

மே 9, வெள்ளி

இன்று ஐம்பத்தைந்து நிமிடம். குழந்தை இரண்டு மாலையாக வயிற்றுவலியில் அழுகிறதாம். மகள் தூங்கும்போது இவர்தான் தூக்கிக்கொண்டு ஹாலில் நடக்கிறாராம். அந்த ஊர்த் தண்ணீரில் மருந்து வாசனையே இல்லை, அது ஒரு குறையாக இருக்கிறது என்றார். மகளிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டாராம். மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஜூன் முதல் வாரம் லீவு கிடைக்குமா என்று அவள்தான் கேட்கச் சொன்னாளாம். கிடைக்கும் என்றேன். இருபத்தாறு வருடத்தில் நான் எடுக்காத லீவை எல்லாம் சேர்த்தால் ஒரு வருடத்துக்கு மேல் வரும் என்றேன். அவ்வளவு வேண்டாம், நாலு நாள் போதும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த அப்புறத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தொட்டியில் ஜோடி ஃபில்டர் குழாய்க்கு முன்னால் நின்று விசிறிக்கொண்டிருந்தது. நான்கு நாள் முன்பே முட்டை இட்டிருந்தன. இந்தத் தடவை தின்னவில்லை. இன்று காலை அத்தனையும் பொரிந்து வால் துடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த நான்கு நாளில் ஒரு நாள்கூட அவரிடம் அதைச் சொல்ல நினைவு வரவில்லை.